அபாகஸ் வகுப்பா, செயலியா, பல்லாங்குழியா? நான்கு வயதுப் பேத்திக்காக நான் போட்ட கணக்கு

மார்ச் கடைசியில் சென்னையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, எங்கள் குடியிருப்பில் எல்லாரும் பிள்ளைகளை அபாகஸ் வகுப்பில் சேர்க்கிறார்கள். இவளையும் சேர்க்கலாமா? நீ என்ன சொல்கிறாய்?"

பேத்திக்கு அப்போது நான்கு வயது முடிந்து இரண்டு மாதம். ஒன்று முதல் நூறு வரை ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் சொல்வாள். வீட்டுக்கு யாராவது வந்தால் சொல்லவைத்துக் கைதட்டல் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, "அம்மாச்சிக்கு ஆறு தக்காளி எடுத்து வா" என்று கூடையைக் காட்டினேன். இரண்டு கையிலும் கொண்டமட்டும் அள்ளி வந்தாள். பார்த்தால் நான்கு. "ஆறு இருக்கிறதா?" "இருக்கிறது." "எண்ணு பார்ப்போம்." ஒன், டூ, த்ரீ, ஃபோர். "அப்படியானால் எத்தனை?" என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

முப்பத்தோரு வருடம் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் நடத்தியவளுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஆறு என்றால் என்னவென்று தெரியாமல் இருப்பது வெகு சாதாரணம். எண்களின் பெயர்கள் அதற்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். எண்ணி முடித்ததும் கடைசியாகச் சொன்ன பெயர்தான் மொத்தத்தின் அளவு என்பது தனியாகப் புரிய வேண்டிய விஷயம். 1978-ல் ரோச்சல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் எண்ணுவதற்குள் ஐந்து விதிகள் ஒளிந்திருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். பெயர்கள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். கடைசிப் பெயரே மொத்தம். தக்காளியோ தட்டோ கைதட்டலோ எதையும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் மொத்தம் மாறாது. பேத்திக்கு இதில் இரண்டாவது விதி மட்டும் கைவந்திருந்தது. மூன்றாவது வரவில்லை.

கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990 வாக்கில், என் தக்காளிச் சோதனை போலவே, "இத்தனை எடுத்துக் கொடு" என்று குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார். முதலில் ஒன்று மட்டும் சரியாகத் தரும். சில மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. அப்புறம் திடீரென்று ஒரு நாள் பூட்டுத் திறந்ததுபோல எத்தனை கேட்டாலும் எண்ணித் தந்துவிடும். அந்தப் பூட்டைத் திறக்க எந்தச் சாவி உதவும் என்பதுதான் என் மகள் கேட்டதன் உண்மையான பொருள். அவள் கேட்டது அபாகஸை மட்டும். நான் எல்லாவற்றையும் எடுத்து முன்னால் பரப்பிக்கொண்டேன்: குடியிருப்பில் ஒட்டியிருந்த அபாகஸ் விளம்பரம், மருமகன் ஏற்கெனவே கைக்கணினியில் ஏற்றி வைத்திருந்த கணக்குச் செயலி, இணையக் கடையில் 6,000 ரூபாய்க்கு வரும், எண் பழகும் சாமான்கள் அடங்கிய மாண்டிசோரி மரப்பெட்டி, பரமபதம், தாயம், என் அம்மா எனக்குத் தந்த மரப் பல்லாங்குழி. சமையலறையையும் சேர்த்துக்கொண்டேன். அதற்குக் காசு கிடையாது.

ஒவ்வொன்றையும் பார்த்து மூன்று கேள்வி கேட்டேன். விளையாடும்போது வாயும் கையும் சேர்ந்து நகர்கிறதா? எட்டு என்பது ஐந்தைவிடப் பெரியது என்று கண்ணோ காலோ உணர்கிறதா? '8' என்ற குறி எங்காவது கண்ணில் படுகிறதா? நாளைக்கும் விளையாடலாமா என்று குழந்தை தானே வந்து கேட்கிறதா என்பது கேட்காமலே நிற்கும் நான்காவது கேள்வி.

என் மனம் முதலில் பல்லாங்குழிப் பக்கம்தான் சாய்ந்தது, மறைக்க வேண்டியதில்லை. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து வீதம் போட்டால் எழுபது முத்து. ஒரு குழியை வழித்தெடுத்து அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையிருப்பு தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி மறுபடி போட வேண்டும். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்ததில் இருப்பதைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். 'ஒரு பொருளுக்கு ஒன்று' என்ற முதல் விதியைப் பழக்க இதைவிட நல்ல கருவி உலகத்தில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். குழிக்கு ஒன்று போட்டே ஆக வேண்டும், ஒரு குழியைத் தாண்டினால் எதிராளி விடமாட்டார். பசுவைப் பிடிக்கும் ஆசையில், நான்கை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் நான்கு என்று கண்டுபிடிக்கும் பழக்கமும் வருகிறது. எண்ணாமல் அறியும் இந்தத் திறமை பின்னால் கூட்டலுக்கு மிகவும் உதவும்.

ஆனால் மே மாதம் அவளோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்தபோது சங்கடங்கள் தெரிந்தன. எழுபது முத்து நான்கு வயதுக்கு மிக அதிகம். ஒரு ஆட்டம் முடிவதற்குள் அவள் முத்துகளைச் சமையல் செய்து எனக்குப் பரிமாறத் தொடங்கிவிட்டாள். ஆட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதால், பெரிய எண் தள்ளி இருக்கிறது என்ற உணர்வுக்கு இடமே இல்லை. எண்குறி ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. என் மூன்று கேள்விகளில் பல்லாங்குழி முதல் கேள்வியில் நூற்றுக்கு நூறு, மற்ற இரண்டிலும் தோல்வி. வருத்தமாகத்தான் இருந்தது.

அதனால் ஆட்டத்தைச் சுருக்கினேன். என் பக்கம் மூன்று குழி, அவள் பக்கம் மூன்று, குழிக்கு மூன்று புளியங்கொட்டை. பதினெட்டோடு முடிந்துவிடும். முடிந்ததும் ஆளுக்குப் பிடித்ததை எதிரெதிரே வரிசையாக அடுக்கி, யார் வரிசை நீளம் என்று பார்ப்போம். அப்படி அடுக்கும்போது வேண்டுமென்றே என் கொட்டைகளை இடைவெளி விட்டுப் பரப்பினேன். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், "உனக்குத்தான் அதிகம்" என்று அழப் போனாள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே விவரித்த அதே சோதனைதான். வரிசை நீண்டால் எண்ணிக்கையும் கூடிவிட்டதாக இந்த வயது நினைக்கும். ஜோடி ஜோடியாகத் தள்ளிக் காட்டினால் சமாதானமாகிறது. நாளை மறுபடி ஏமாறுகிறது. அது அப்படித்தான், அவசரப்பட ஒன்றுமில்லை.

பல்லாங்குழிக்கு எந்த முத்து என்பதில் கவனம் வேண்டும். பல வீடுகளில் கறுப்புப் பொட்டு வைத்த சிவப்புக் குன்றிமணியைப் போட்டு ஆடுகிறார்கள். பார்க்க அழகு, ஆனால் அதற்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. ஓடு உடைந்தோ கடித்து மென்றோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. குழந்தை ஆடும் பலகையில் அது கூடவே கூடாது. புளியங்கொட்டையும் சோழியும்கூட மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளக் கூடியவை. பேத்திக்கு ஒன்றரை வயதில் தம்பி உண்டு. ஆடி முடித்ததும் பதினெட்டையும் எண்ணி டப்பாவில் போடுவது என்று விதி வைத்தேன். பாதுகாப்புக்காக வைத்த விதியில் எண்ணும் பயிற்சியும் நடந்துவிட்டது.

தாயத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. கணக்குச் சொல்லித்தர ஆரம்பநிலைப் பிள்ளைக்கு அது உதவாது என்பது என் முடிவு. இரண்டு கட்டையிலும் வெறும் பக்கம் விழுந்தால் பன்னிரண்டு! ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும் சேர்ந்து எப்படிப் பன்னிரண்டாகும் என்று நான்கு வயது கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதியோ பிள்ளையை அழவைப்பதற்கென்றே செய்தது. எட்டு வயதுக்கு மேல் அது அருமையான ஆட்டம், எங்கே நிறுத்தினால் வெட்டுப்படாது என்று யோசிக்கவைக்கும். அதுவரை கட்டை பெட்டியிலேயே இருக்கட்டும்.

பரமபதம் வேறு விஷயம். அதில் எண்குறிகள் இருக்கின்றன, எண் ஏற ஏற உயரமும் ஏறுகிறது. பாம்பு, ஏணி என்று கதையும் உண்டு. ஆனால் கடைகளில் விற்கும் நூறு கட்டப் பலகையில் முதல் வரி இடமிருந்து வலம் போனால், அடுத்த வரி வலமிருந்து இடம் திரும்புகிறது. ஏர்மாடு உழுவது போன்ற இந்தத் திருப்பம் சின்னப் பிள்ளைகளைக் குழப்பிவிடும். பத்துக்குப் பிறகு பதினொன்று தலைக்கு மேல் இருக்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் காயை முதல் வரியின் தொடக்கத்துக்கே கொண்டுபோனாள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் சீக்ளரும் கீதா ரமணியும் 2008-ல் வெளியிட்டது. ஏழைக் குடும்பங்களின் பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு, ஒரே நேர்க்கோட்டில் 1 முதல் 10 வரை எண் எழுதிய பத்துக் கட்டம் வைத்து ஆடினார்கள். பகடைக்குப் பதில் சுழல் முள், அதில் ஒன்று அல்லது இரண்டு மட்டும் விழும். தடவைக்கு 15 நிமிடம், இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை. மொத்தமே ஒரு மணி நேரம். அந்தப் பிள்ளைகளுக்கு எந்த எண் பெரியது, கோட்டில் எது எங்கே இருக்கும் என்ற அறிவு தெளிவாகக் கூடியது. அதே கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக நிறம் பூசி ஆடிய பிள்ளைகளுக்கு அப்படிக் கூடவில்லை. அடுத்த ஆண்டு வட்டப் பலகையையும் நேர்ப் பலகையையும் ஒப்பிட்டார்கள். நேர்ப் பலகைதான் ஜெயித்தது. என் பல்லாங்குழி ஏன் இரண்டாவது கேள்வியில் தோற்றது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

அந்த ஆட்டத்தில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு, பெரும்பாலான வீடுகளில் அதைத் தவறவிடுகிறோம். பிள்ளை மூன்றாம் கட்டத்தில் நிற்கிறது, இரண்டு விழுகிறது. நாம் "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்துவோம். அவர்கள் "நான்கு, ஐந்து" என்று கட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்லி நகர்த்தச் சொன்னார்கள். பின்னால் நூறு கட்டப் பலகையில் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு லாஸ்கியும் சீக்ளரும் 2014-ல் எழுதினார்கள். நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து சொல்லும் பிள்ளைகளே முன்னேறினார்கள். பலகை எல்லாருக்கும் ஒன்றுதான், வாயில் வந்த சொல்தான் வேறு. பத்து ரூபாய்ப் பரமபதத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் உடன் ஆடுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது பாண்டி. சில ஊர்களில் நொண்டி என்றும் சில்லுக்கோடு என்றும் சொல்வார்கள். கட்டங்களை நேராகப் போட்டு, சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் தாண்டுவது. அதை ஒரே வரிசையில் பத்துக் கட்டமாக நீட்டி, உள்ளே 1 முதல் 10 வரை எழுதி, தொடங்கும் இடத்தில் 0 என்று ஒரு நிற்கும் கட்டம் போட்டேன். சுழல் முள்ளுக்குப் பதில், எங்கள் காலத்தில் செய்ததுபோல, இரண்டு புளியங்கொட்டையைத் தரையில் உரசி ஒரு பக்கத்தை வெள்ளையாக்கினேன். இரண்டையும் உருட்டினால் வெள்ளை இரண்டு தெரியலாம், ஒன்று தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். தெரிகிற வெள்ளை எத்தனையோ அத்தனை கட்டம். ஒன்றும் தெரியாவிட்டால் பூஜ்யம், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பூஜ்யத்தைச் சொல்லித்தர நான் வகுப்பில் என்னென்னவோ செய்திருக்கிறேன், இப்படி ஒரு நாளில் யாருக்கும் புரிந்ததில்லை. நகர முடியாத கோபத்தில் அவளுக்குப் பூஜ்யம் நன்றாகப் பதிந்துவிட்டது.

எட்டாம் கட்டத்துக்குப் போக அதிக நேரமாகிறது, அதிகமாகக் குதிக்க வேண்டியிருக்கிறது, இடமும் தள்ளி இருக்கிறது. ஐந்தைவிட எட்டு பெரியது என்பதைக் கால் சொல்லிவிடுகிறது. என் மூன்று கேள்விக்கும் ஆமென்று பதில் சொன்னது இந்த ஆட்டம் மட்டும்தான். செலவு ஒரு சுண்ணக்கட்டி.

மாண்டிசோரிப் பெட்டிக்கு வருகிறேன். அதற்கு நம் மண்ணோடு உறவு உண்டு. 1939-ல் இந்தியா வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் இருந்துவிட்டு 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். அவருடைய எண் கோல்கள் பத்து. முதல் கோல் 10 செ.மீ., பத்தாவது ஒரு மீட்டர், பத்து பத்து செ.மீ.க்குச் சிவப்பும் நீலமும் மாறி மாறி. ஏழாம் கோலைத் தூக்க இரண்டு கையையும் விரிக்க வேண்டும். ஏழின் பக்கத்தில் மூன்றை வைத்தால் பத்துக்குச் சரியாக நிற்கும். இன்னொன்று கதிர்ப்பெட்டி. 0 முதல் 9 வரை எழுதிய அறைகளில் 45 கதிர்க்குச்சிகளை எண்ணிப் போட வேண்டும். சரியாகப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது, தப்பினால் கடைசி அறையில் குறையும் அல்லது கையில் மிஞ்சும். தவறை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடும். அந்த அம்மையாரின் மேதைமை இதில்தான் எனக்குத் தெரிகிறது.

ஆனால் 6,000 ரூபாய்ப் பெட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட சாமான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எப்போது, எந்த வரிசையில் எடுத்துக் காட்டுவது என்பதற்கு முறைப்படி பயிற்சி பெற்றவர் வேண்டும். வேலைக்குப் போகும் என் மகளும் மருமகனும் இரவு எட்டு மணிக்கு மேல் அதைப் படித்துவிட்டுப் பிள்ளையோடு உட்காரப் போவதில்லை. பெட்டி பரணுக்குப் போய்விடும். நான் ஊர்த் தச்சரிடம் சொல்லி மரச்சட்டத்தில் பத்துக் கோல் மட்டும் அறுத்து வாங்கி, நானே வண்ணம் அடித்தேன். 350 ரூபாய். அவற்றை மாடிப்படிபோல அடுக்குவதுதான் அவளுக்கு இப்போது பிடித்த வேலை. நல்ல மாண்டிசோரிப் பள்ளி பக்கத்தில் இருந்து, அதன் கட்டணமும் கட்டுபடியானால் என் பதில் வேறாக இருந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செயலியைப் பற்றி மருமகனோடு கொஞ்சம் வாக்குவாதமே நடந்தது. "அத்தை, இது விளையாட்டுத்தான். தப்பாகத் தொட்டால் அதுவே திருத்துகிறது, சரியாகத் தொட்டால் நட்சத்திரம் கொடுக்கிறது" என்றார். நானும் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். மூன்று ஆப்பிளுக்கு எந்த எண் என்று கேட்கிறது, நான்கு எண் மிதக்கின்றன. அவள் நான்கையும் வரிசையாகத் தொடுகிறாள். எதிலோ ஒன்றில் மணி அடிக்கிறது. ஒருமுறைகூட எண்ணவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை இதில் செலவழிப்பது வீண் என்றே எனக்குப் பட்டது.

மருமகனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். சிகாகோ பகுதியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 587 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. அதில் பயன்பட்டதும் கைக்கணினிச் செயலிதான். இரவு தூங்கும் முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கணக்குக் கதை ஒன்றைப் படித்து, கேள்விகளுக்கு விடை தேடினார்கள். கணக்கென்றால் பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே உதவியது. அங்கே திரை பேச்சுக்கு ஒரு சாக்கு. எங்கள் வீட்டில் அது பிள்ளையைப் பேசாமல் உட்காரவைக்கும் கருவி. இதைச் சொன்னதும் மருமகன் சிரித்தார், செயலியை அழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம் என்று பேசி முடித்தோம்.

அபாகஸ்தான் தொடங்கிய இடம். விளம்பரத்தில் நினைவாற்றல், கவனம், மூளை வளர்ச்சி எல்லாம் இருந்தன. மாதம் 1,500 ரூபாய், புத்தகம் தனி. குஜராத்தில் வடோதராவில் ஒரு பள்ளியில் 204 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று ஆண்டு மனக் கணக்கு அபாகஸும் (மணிச்சட்டத்தை மனத்தில் கண்டே கணக்குப் போடுவது) இன்னொரு பாதிக்குக் கூடுதல் சாதாரணக் கணக்கும் சொல்லித்தந்து பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. அபாகஸ் கற்றவர்கள் கணக்குப் போடுவதில் முந்தினார்கள், அதை மறுக்க முடியாது. நினைவாற்றலோ பொதுவான அறிவுத்திறனோ அதனால் கூடியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மனத்தில் உருவங்களை நன்றாகப் பிடித்துவைக்கும் பிள்ளைகளுக்கே லாபம் அதிகம். அந்தப் பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வயதில் தொடங்கியவர்கள். அபாகஸில் மேல்மணி ஒன்று ஐந்துக்குச் சமம். ஐந்து என்றால் ஐந்து பொருள் என்பதே இன்னும் உறைக்காத பிள்ளையிடம், இந்த ஒரு மணி ஐந்து என்று சொல்வது, நடக்கத் தெரியாத பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தருவது போலத்தான். ஏழு வயதுக்கு மேல், அவளுக்கே ஆசை வந்தால், தாராளமாகச் சேர்க்கலாம். மகளிடம் இதைச் சொன்னபோது, "எல்லாரும் சேர்க்கிறார்களே அம்மா" என்றாள். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

சமையலறையை இத்தனை நேரம் காக்கவைத்தது தப்பு. எங்கள் வீட்டில் இன்னும் படியும் உழக்கும் ஆழாக்கும் இருக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி. அரிசியை அளந்து கொட்டினால் பாதியும் பாதியும் சேர்ந்து முழுசாவதைக் கையே காண்கிறது. பெயர்கள் மனப்பாடமாக வேண்டியதில்லை, டம்ளரும் சொம்பும் போதும். ஆறு பேர் சாப்பிட ஆறு தட்டு வைப்பது, ஆளுக்கு இரண்டு அப்பளம் எடுப்பது, தோசை வட்டத்தை நான்காக மடிப்பது என்று எல்லாமே கணக்குத்தான். வாசலில் ஏழு புள்ளியில் தொடங்கி இரண்டு பக்கமும் நான்கு வரை இறங்கும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு அவளைப் புள்ளி வைக்கச் சொன்னேன். கோடு எனக்கு, புள்ளி அவளுக்கு. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, பிறகு ஆறு, ஐந்து, நான்கு. ஏறி இறங்கும் வரிசையை அவள் மூன்று நாளில் பிடித்துக்கொண்டாள். கோலத்தின் இலக்கணத்தைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கணித முறையில் ஆராய்ந்திருக்கிறார். எனக்கு அந்தக் கட்டுரைகள் புரியாது, ஆனால் அறிந்ததிலிருந்து வாசலில் குனியும்போது கொஞ்சம் பெருமை.

எந்த மொழியில் எண்ணுவது என்று மகள் கேட்டாள். பள்ளி ஆங்கிலம்தான், ஆனாலும் வீட்டில் தமிழில் எண்ணுங்கள் என்றேன். மொழிப்பற்று ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்குக் காரணமே உண்டு. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபத்துமூன்று என்றால் இருபதும் மூன்றும். பத்து எங்கே முடிந்து ஒன்று எங்கே தொடங்குகிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஆங்கிலத்தின் இலெவன், டுவெல்வ் இரண்டிலும் பத்தைத் தேடினாலும் கிடைக்காது. தர்ட்டீன், தர்ட்டி இரண்டையும் காதில் பிரித்துக் கேட்பதே பெரியவர்களுக்கும் சில நேரம் கஷ்டம், பதின்மூன்றையும் முப்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. நம் தொண்ணூறு மட்டும் ஒரு போக்கிரி. எண்பதுக்குப் பிறகு பத்து வர வேண்டிய இடத்தில் நூறை இழுத்துவந்து உட்காரவைத்துவிட்டது. நான்கு வயதுக்கு அது இப்போதைக்குத் தூரம்.

இவ்வளவும் ஆன பிறகு, விளையாட்டுக் கட்சிக்காரியான என் தலையில் ஒரு குட்டு விழுந்ததையும் சொல்ல வேண்டும். டெல்லியில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் 214 பாலர் பள்ளிகளில் 1,540 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2017-ல் வெளியானது. எலிசபெத் ஸ்பெல்கி, பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்தது. நான்கு மாதம் கணக்கு விளையாட்டு. எது அதிகம், எந்த உருவம் மாறுபட்டது என்ற உள்ளுணர்வு நன்றாகக் கூர்மையானது, அந்தக் கூர்மை நிலைத்தும் நின்றது. எண்குறி வைத்துப் போடும் கணக்கிலும் உடனடியாகக் கொஞ்சம் முன்னேற்றம். ஆனால் பள்ளியில் சேர்ந்த பிறகு பாடக் கணக்கைக் கற்பதில் அவர்கள் மற்றவர்களைவிட முந்தவில்லை.

பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு இது ஏன் என்று ஊகிக்க முடிகிறது. குழியில் போட்ட கொட்டையும் கரும்பலகையில் உள்ள '5' என்ற குறியும் ஒன்றுதான் என்பதை யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு இணைத்துக் காட்ட வேண்டும். விளையாட்டு தானாக அங்கே போய்ச் சேராது. அதனால் என் மூன்றாவது கேள்வியின் எடையைக் கூட்டினேன். பல்லாங்குழி முடிந்ததும் பிடித்த கொட்டைக்கு உரிய எண் அட்டையைத் தேடி வைக்க வேண்டும். எண் கோல் ஒவ்வொன்றின் முனையிலும் அட்டை உண்டு. பாண்டியில் காலடியிலேயே எழுதியிருக்கிறது.

கடைசியில் மகளுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். தினம் பதினைந்து நிமிடம் பாண்டிக்கட்டம், நின்ற எண்ணிலிருந்து தொடர்ந்து சொல்லிக்கொண்டு. சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைப்பது அவள் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் குட்டிப் பல்லாங்குழி, எண் அட்டையோடு. கோல்கள் அவள் இஷ்டத்துக்கு. பரமபதம் அடுத்த வருடம், அபாகஸ் பற்றி இரண்டாம் வகுப்பில் பேசலாம். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இல்லாமல், இருவரும் இரவு ஒன்பதுக்குத் திரும்பும் குடும்பமாக இருந்தால் தட்டு எடுத்து வைப்பதை மட்டும் விடாமல் செய்யச் சொல்வேன். அதற்குத் தனி நேரம் வேண்டாம்.

ஜூன் முதல் வாரம் ஊருக்குப் புறப்படும் அன்று மறுபடி கூடையைக் காட்டி ஆறு தக்காளி கேட்டேன். ஐந்து எடுத்துத் தரையில் வைத்தாள், விரலால் தொட்டு எண்ணினாள், இன்னொன்று எடுத்து வந்தாள். ஆனால் எண் அட்டையில் 9-ஐத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதுதான் ஆறு என்று சண்டை போட்டாள்.

போன வாரம் மகள் பேசினாள். வண்டி நிறுத்துமிடத்தில் போட்டிருந்த கட்டங்களைத் தரை கழுவியவர்கள் அழித்துவிட்டார்களாம். குடியிருப்புச் சங்கத்தார் வேறு, இனி அங்கே சுண்ணக்கட்டியால் எழுதக்கூடாது என்கிறார்களாம். "இவள் அழுகிறாள், அம்மா. மொட்டை மாடியில் போடலாம் என்றால், அங்கே இடம் அதிகம், அதனால் இருபது வரை போட வேண்டும் என்று பிடிவாதம்."

பதினொன்றுக்கு வேறு நிறச் சுண்ணக்கட்டி எடுக்கச் சொன்னேன்.